விபத்தில் அடிபட்ட பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கலாமா? படிப்படியாக முடிவெடுக்கும் முறை

செகண்ட் ஹேண்டில் ஸ்போர்ட்ஸ் கார் தேடுபவர்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இப்படி ஒரு வண்டி கண்ணில் படும்: மாடலும் நிறமும் நினைத்தபடியே இருக்கும், ஓடிய கிலோமீட்டர் குறைவாக இருக்கும், விலை மட்டும் மற்ற வண்டிகளைவிடப் பல லட்சம் இறங்கியிருக்கும். காரணம் கேட்டால், "முன்னாடி சின்னதா ஒரு அடி சார், கம்பெனியிலயே சரி பண்ணியாச்சு" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதைப் பேச்சை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஆவணங்களையும் வண்டியின் உடலையும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

விளக்கத்துக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி.யை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 5 லிட்டர் வி8 எஞ்சினுடன், அமெரிக்காவில் முழுமையாகத் தயாராகி 2016 முதல் இந்தியாவில் விற்கப்பட்ட வண்டி அது. போர்ஷே, பி.எம்.டபிள்யூ. இசட்4, ஆடி டி.டி. என்று எதைப் பார்த்தாலும் முறை ஏறக்குறைய இதுதான். விபத்து நடந்தது என்பதற்காக மட்டும் ஒரு வண்டியை ஒதுக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. அடி எந்தப் பாகம் வரை போனது, சரிசெய்ததற்குச் சான்று இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான பதில் கிடைக்காத வண்டியைத்தான் ஒதுக்க வேண்டும்.

படி 1: வண்டியைப் பார்ப்பதற்கு முன் தாள்களைப் பாருங்கள்

அமெரிக்காவில் கார்ஃபாக்ஸ் போன்ற நிறுவனங்கள் வண்டியின் விபத்து வரலாற்றைத் தொகுத்து விற்கின்றன. காப்பீட்டு நிறுவனம் கைகழுவிய வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே அது குறிக்கப்பட்டுவிடும். இந்தியாவில் ஆர்.சி.யில் அப்படி எந்த முத்திரையும் விழுவதில்லை. ஆகவே அந்த வரலாற்றை நாமே கோத்தெடுக்க வேண்டும்.

முதலில் ஆர்.சி.யையும் பரிவாகன் தளத்தில் உள்ள விவரங்களையும் ஒப்பிடுங்கள். எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் நிலுவையில் உள்ளதா, காப்பீடு நடப்பில் உள்ளதா, நிலுவை அபராதம் எவ்வளவு என்பவை தெரிந்துவிடும். சேஸிஸ் எண்ணைத் தாளில் மட்டும் பார்க்காமல் வண்டியிலும் பாருங்கள். மஸ்டாங் போன்ற அமெரிக்கத் தயாரிப்புகளில் 17 இலக்க எண்ணின் பத்தாவது இடம் மாடல் ஆண்டைக் காட்டும்: ஜி என்றால் 2016, ஹெச் என்றால் 2017, ஜே என்றால் 2018.

அடுத்து, கடைசி மூன்று நான்கு ஆண்டுகளின் காப்பீட்டு பாலிசிகளைக் கேளுங்கள். அவற்றில் என்.சி.பி. என்று ஒரு சதவீதம் இருக்கும். கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20, பிறகு 25, 35, 45 என உயர்ந்து, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதமாகும் தள்ளுபடி அது. இடையில் ஒரு கிளெய்ம் போனால் அடுத்த பாலிசியில் அது சுழியத்துக்கு இறங்கிவிடும். ஒரே உரிமையாளரிடம் 2017 முதல் இருக்கும் வண்டியின் 2024ஆம் ஆண்டு பாலிசியில் வெறும் 20 சதவீதம்தான் இருக்கிறதென்றால், 2022-23 பாலிசிக் காலத்தில் ஏதோ கிளெய்ம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆண்டைப் பற்றித்தான் விற்பவரிடம் கேட்க வேண்டும். ஆனால் இதிலும் விதிவிலக்குகள் உண்டு. இந்தத் தள்ளுபடி வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது என்பதால் அவர் அதைத் தம் புதிய காருக்கு மாற்றியிருக்கலாம், பாலிசி முடிந்து 90 நாள்களுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம், என்.சி.பி. பாதுகாப்பு என்ற கூடுதல் சேவையை வாங்கியிருந்தால் கிளெய்ம் நடந்தும் சதவீதம் குறையாமல் இருக்கலாம். ஆகவே இதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், கேள்வி கேட்பதற்கான துப்பாகக் கொள்ளுங்கள். உரிமையாளரே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி கிளெய்ம் விவரத்தைக் கேட்டு வாங்கலாம். மறைக்க ஒன்றுமில்லாதவர் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

டோட்டல் லாஸ் ஆன வண்டியா என்பதையும் இங்கேயே தெரிந்துகொள்ள வேண்டும். பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியை முழு இழப்பாகக் கணக்கிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடும். மிச்சமுள்ள உடல் ஏலத்தில் போய், எங்கோ ஒரு பட்டறையில் உயிர்பெற்று, பளபளப்புடன் மீண்டும் சந்தைக்கு வருவது புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

பாலிசியில் எந்தத் தடயமும் இல்லாத விபத்தும் உண்டு. பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் சாதாரண கார் காப்பீடு பொருந்தாது என்பதால், சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ தடுப்பில் மோதிய வண்டியைச் சொந்தக் காசில் சரிசெய்திருப்பார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் இதைக் கேட்காமல் விடக் கூடாது.

படி 2: ரிப்பேர் பில்லைப் படியுங்கள்

"கம்பெனியில் சரிசெய்தது" என்றால் கம்பெனி பில் இருக்க வேண்டும். மொத்தத் தொகையைவிட அதில் உள்ள பாகங்களின் பட்டியல்தான் முக்கியம். பம்பர், கிரில், ஹெட்லைட், ஃபெண்டர், பானெட் ஆகியவை போல்ட்டில் மாட்டப்படும் பாகங்கள். அவற்றை மாற்றியதால் வண்டியின் எலும்புக்கூட்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது. ரேடியேட்டர், ரேடியேட்டர் சப்போர்ட், ஏ.சி. கண்டென்சர் ஆகியவையும் சேர்ந்திருந்தால் அடி பம்பரைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. ஆப்ரன் (சக்கரத்துக்கு மேலே உள்ள உட்தகடு), சேஸிஸ் ரெயில் (வண்டியின் நீளவாக்கில் ஓடும் சட்டம்), பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), ஃப்ளோர் (தரைத்தகடு) போன்ற சொற்களோ "புல்லிங்" (இழுத்து நிமிர்த்துதல்), "வெல்டிங்" என்ற கூலிக் கணக்கோ இருந்தால் உடற்கட்டே அடிவாங்கியிருக்கிறது என்று பொருள். ஏர்பேக், சீட் பெல்ட், ஏர்பேக் மாட்யூல் (அதை இயக்கும் மின்னணுப் பெட்டி) மூன்றும் ஒரே பில்லில் இருந்தால், ஏர்பேக் விரிந்த விபத்து அது. அதை "சின்ன அடி" என்று சொன்னவரின் மற்ற சொற்களையும் அதே அளவுகோலால் அளந்துகொள்ளலாம்.

பில் இல்லாவிட்டால், வேலை எங்கே நடந்தது என்று கேட்டு, அந்தப் பட்டறைக்கு நேரில் போய் விசாரியுங்கள். டிங்கரிங் செய்தவர்களுக்குத் தாங்கள் நிமிர்த்திய வண்டி நன்றாகவே நினைவிருக்கும்.

படி 3: பகல் வெளிச்சத்தில் உடலைச் சோதியுங்கள்

மழையிலோ இரவிலோ, கழுவி ஈரம் காயாமலோ இருக்கும் வண்டியைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் இடையே உள்ள இடைவெளி இருபுறமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பானெட்டைத் திறந்து, கீல்களின் போல்ட் தலையைக் கவனியுங்கள். தொழிற்சாலையில் போல்ட்டை முடுக்கிய பிறகே பெயிண்ட் அடிப்பதால், அதன் முனைகளில் பெயிண்ட் உடைந்திருந்தால் யாரோ ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள்.

பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டிருக்கிறார்களா என்று காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. மஸ்டாங்கில் அது ஏமாற்றிவிடும். அதன் பானெட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியத்தால் ஆனவை. காந்தம் ஒட்டாதது இயல்பு. அலுமினியத்தையும் அளக்கக்கூடிய பெயிண்ட் தடிமன் மீட்டர் ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ கொண்டுபோங்கள். தொழிற்சாலைப் பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 160 மைக்ரான் வரை காட்டும். மறுபடி பெயிண்ட் அடித்த இடத்தில் 200, 300 என ஏறும். 500ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. கீறலுக்காகக் கதவு ஒன்றை மட்டும் பெயிண்ட் அடித்திருப்பது பெரிய குறையல்ல. கூரையிலும் பில்லரிலும் அளவு ஏறியிருந்தால் அது கீறல் வேலையாக இருக்க முடியாது.

அடுத்து ஆப்ரன், அதாவது பானெட்டுக்குள் சக்கரத்துக்கு மேலே இருபுறமும் ஓடும் தகடு. தொழிற்சாலையின் ஸ்பாட் வெல்டிங் சிறு வட்டக் குழிகளாகச் சீரான இடைவெளியில் இருக்கும். கையால் வெல்டிங் செய்த இடம் மேடு பள்ளமாகவும், கிரைண்டர் தேய்த்த தடத்துடனும் இருக்கும். இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் படம் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். பயிற்சி இல்லாத கண்ணுக்கும் வேறுபாடு தெரிந்துவிடும்.

கடைசியாக, பெரும்பாலோர் பார்க்காத ஓர் இடம். முன் இருக்கையின் சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்தால், அடிப்பகுதியில் தைத்த துணிச் சீட்டு ஒன்று இருக்கும். பெல்ட் தயாரான தேதி அதில் அச்சாகியிருக்கும். பலமான மோதலில் பெல்ட்டை இறுக்கும் கருவி வெடித்துவிடுவதால் பெல்ட்டையே மாற்ற வேண்டியிருக்கும். 2017இல் தயாரான வண்டியின் பெல்ட்டில் 2021 என்று இருந்தால், அந்த இடைவெளியில் நடந்ததை விற்பவர் விளக்கியாக வேண்டும். கண்ணாடிகளின் மூலையில் உள்ள ஆண்டுக் குறியீட்டையும் இதேபோல் ஒப்பிடலாம். ஆனால் கல் பட்டு முன் கண்ணாடி மாறுவது சாதாரணம் என்பதால் அதற்கு அவ்வளவு எடை தரத் தேவையில்லை.

படி 4: ஏர்பேக்கையும் கம்ப்யூட்டரையும் சோதியுங்கள்

சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், எரிந்துகொண்டே இருப்பதைவிட அது மோசம். யாரோ விளக்கைச் செயலிழக்கச் செய்திருக்கலாம். ஃபோர்டு வண்டிகளுக்கு ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். எல்லா மாட்யூல்களிலும் பதிவான பிழைக் குறியீடுகளை அதில் படிக்கலாம். மோதல் பதிவை அழித்துத் தருபவர்களும், ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ரெசிஸ்டர் மாட்டி கம்ப்யூட்டரை ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள் என்பதால், குறியீடு இல்லை என்பது மட்டும் போதிய சான்றாகாது. ஏர்பேக் விரிந்த வண்டியென்று தெரிந்தால், புதிய ஏர்பேக்கின் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

படி 5: லிஃப்டில் ஏற்றுங்கள், அலைன்மென்ட் ரிப்போர்ட் எடுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கவே கூடாது. நகர நெரிசலில் ஓடும் குடும்பக் கார்கள் பெரும்பாலும் முன்னும் பின்னும் இடிபடுகின்றன. அதிக சக்தியுடன் பின்சக்கரத்தால் இயங்கும் வண்டி விபத்துக்குள்ளாகும் விதம் வேறு: ஈரச் சாலையில் ஆக்ஸிலரேட்டரைச் சற்று அதிகம் மிதித்ததும் பின்பக்கம் விலகி, வண்டி பக்கவாட்டில் வழுக்கி, பின்சக்கரம் சாலை நடுவிலுள்ள திட்டில் போய் மோதும். அலாய் வீலை மாற்றிவிட்டால் வெளியே ஒரு கீறலும் தெரியாது. சஸ்பென்ஷன் ஆர்மும், அதைத் தாங்கும் சப்ஃபிரேமும் வளைந்திருக்கும்.

ஆகவே வண்டியைத் தூக்கி, பின் சஸ்பென்ஷன் பாகங்கள் இருபுறமும் ஒரே வயதுடையவையாகத் தெரிகின்றனவா, சப்ஃபிரேம் போல்ட்டுகளைச் சுற்றி நகர்ந்த தடம் இருக்கிறதா என்று உங்களுடன் வரும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் வேகத்தடைகளில் உரசிய கோடுகள் அடியில் இருக்கத்தான் செய்யும். அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட் செய்து, அளவுகள் அச்சான தாளை வாங்குங்கள். சரிசெய்யக்கூடிய கோணங்களைச் சரிசெய்த பிறகும் இடது, வலது கேம்பர் (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்) அல்லது காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு முன்னே, பின்னே சாயும் கோணம்) அளவுகள் கம்பெனி வரம்புக்குள் வர மறுத்தால், ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது. டயரின் உள்விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இதே சந்தேகம்தான்.

படி 6: ஓட்டிப் பாருங்கள்

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போன்ற நேரான, நெரிசலற்ற சாலையில் மிதமான வேகம் போதும். வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கிறதா, பிரேக் அடித்தால் நேராக நிற்கிறதா, நேரே போகும்போது ஸ்டீயரிங் கோணலாக இருக்கிறதா என்று கவனியுங்கள். அகன்ற டயர்கள் சாலையின் பள்ளக்கோடுகளைப் பிடித்துக்கொண்டு அலைவது குறையல்ல; வேறு தடத்துக்கு மாறினால் அது நின்றுவிடும், வளைந்த பாகத்தின் இழுப்பு நிற்காது.

படி 7: விலையைக் கணக்கிடுங்கள்

அடிபடாத அதே வண்டி 45 லட்சம், இந்த வண்டி 36 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 9 லட்சம் மிச்சம் என்று தோன்றும். நீங்கள் விற்கப் போகும்போது வாங்குபவரும் இதே விபத்தைக் காட்டி இதே விகிதத்தில் குறைப்பார். வாங்க வருபவர்களின் எண்ணிக்கையும் குறைவாகவே இருக்கும். ஆகவே அந்த 20 சதவீதத்தை லாபமாக எண்ணாமல், இன்னும் செய்ய வேண்டிய வேலைகளின் செலவைத் தனியே கழித்து, அதற்கும் கீழே பேரம் பேச வேண்டும்.

மஸ்டாங்கில் அந்தச் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடும். இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. எஞ்சின், பிரேக் போன்ற பாகங்களை அமெரிக்காவிலிருந்து தருவிக்கலாம். ஆனால் டேஷ்போர்டு, ஸ்டீயரிங் ரேக், ஹெட்லைட் போன்றவை வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கென்றே வேறாகத் தயாரானவை என்பதால் பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ தேட வேண்டியிருக்கும். முன்பக்கம் அடிபட்டு இன்னும் முழுதாகச் சரிசெய்யாத வண்டியை நான் விலை கேட்கவே மாட்டேன்.

போல்ட்டில் மாட்டும் பாகங்கள் மட்டும் மாறி, பில்லும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஏர்பேக் விரிந்து, முறையாக மாற்றப்பட்டு, அலைன்மென்ட் அளவுகள் சரியாக இருந்தால், விலை நன்றாக இறங்கினால் மட்டும் யோசிக்கலாம். ஆப்ரனிலோ ரெயிலிலோ பில்லரிலோ வெல்டிங் இருந்தால், அல்லது டோட்டல் லாஸ் என்று தெரிந்தால், முதன்முறை வாங்குபவர் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். மோதலில் மடங்கி விசையை வாங்கிக்கொள்ளும்படி வடிவமைத்த உயர்வலிமை எஃகைச் சூடேற்றி நிமிர்த்தினால், அடுத்த மோதலில் அது எப்படி மடங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

படி 8: எழுதி வாங்குங்கள்

விற்பனை ஒப்பந்தத்தில், விற்பவர் தமக்குத் தெரிந்த விபத்துகளையும் கிளெய்ம்களையும் தேதியுடன் குறிப்பிட்டு, டோட்டல் லாஸ் ஆன வண்டி அல்ல என்றும், வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். விபத்தில் யாருக்காவது காயமோ உயிரிழப்போ ஏற்பட்டிருந்தால் எஃப்.ஐ.ஆரும் இழப்பீட்டு வழக்கும் இருக்கும். அவற்றின் நிலையை வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். புதுச்சேரிப் பதிவெண் கொண்ட வண்டியானால் என்.ஓ.சி. எனப்படும் தடையில்லாச் சான்றும், தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய ஆயுள் வரியும் விலைப் பேச்சிலேயே வந்துவிட வேண்டும். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, கடன் இருந்திருந்தால் ஆர்.சி.யிலிருந்து அதை நீக்கும் படிவம் 35ஐயும் பெற்றுக்கொண்டு, மீதித் தொகையைக் கொடுங்கள். காப்பீட்டை 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். அதுவரை உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு கிளெய்ம் கேட்பது சிக்கலாகும் என்பதால், வண்டியை வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைப்பது நல்லது.