அவுட்போர்டு படகில் ஆயில் கசியும் ஸ்டியரிங் சிலிண்டரைச் சரிசெய்தல்

நம் கரையோர ஃபைபர் படகுகளில் பெரும்பாலானவற்றை அவுட்போர்டு என்ஜினின், அதாவது பின்புறம் வெளியே மாட்டிய என்ஜினின், கைப்பிடியைப் பிடித்தே திருப்பிவிடுவதால், அவற்றுக்கு ஸ்டியரிங் சிலிண்டரில் ஆயில் கசியும் தொல்லை இல்லை. வீல் வைத்த படகுகளில்தான், குறிப்பாக ஆழ்கடல் நீச்சலுக்கும் சுற்றுலாவுக்கும் ஓடும் படகுகளில், என்ஜினுக்கு முன்னால் குறுக்காகப் பொருத்தப்பட்ட ஹைட்ராலிக் சிலிண்டரைக் காணலாம். வீலுக்குப் பின்னால் இருக்கும் பம்ப், இரண்டு ஹோஸ்களில் ஒன்றின் வழியாக ஆயிலைத் தள்ளுகிறது. மற்றதன் வழியாக ஆயில் திரும்பி வருகிறது. இவ்வகையில் தண்டும் அதன் நடுவிலுள்ள பிஸ்டனும் அசையாமல் நிற்க, சிலிண்டர்தான் இடமும் வலமும் நகர்ந்து என்ஜினைத் திருப்புகிறது. சிலிண்டரின் இரு முனைகளிலும் தண்டு வெளியே வரும் இடத்தில், மரையிட்ட மூடி ஒன்றும், அதற்குள் ஆயில் வெளியேறாமல் தடுக்கும் வளையமான சீலும் உள்ளன. கசிவு பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும்.

வீல் வழக்கத்தைவிட அதிகச் சுற்று கேட்பதும், பஞ்சை அழுத்துவதுபோல் மெத்தென்று இருப்பதும், படகின் பின்புறத் தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதப்பதும் அடையாளங்கள். அப்போது பம்பில் ஆயிலை நிரப்பிக்கொண்டே ஓட்டுவது பலரின் வழக்கம். அது சரியல்ல. ஆயில் குறைந்த இடத்தில் காற்று புகும். வேகமாகப் போகும்போது வீல் சொல்வதை என்ஜின் கேட்காத நிலை எந்த நேரத்திலும் வரலாம்.

கழற்றுவதற்கு முன் கசியும் இடத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும். சிலிண்டரையும் ஹோஸ் இணைப்புகளையும் நன்கு துடைத்து உலரவிட்டு, இரு முனை மூடிகளிலும் ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தைச் சுற்றி, வீலை இருபுறமும் கடைசி எல்லைவரை திருப்பி அழுத்திப் பார்த்தால், எந்தக் காகிதம் நனைகிறது என்பது தெரிந்துவிடும். நனைவது ஹோஸ் இணைப்பானால் சீலைத் தொட வேண்டியதில்லை.

மூடியில்தான் கசிவு என்றால், சீல் வாங்கப் பணம் கொடுப்பதற்கு முன் தண்டைப் பாருங்கள். சீல் தானாகத் தேய்வதும் உண்டு. ஆனால் உப்புப் படிந்த தண்டின் மேல் ஓடி ஓடி அறுபடுவதே அதிகம். தண்டைத் துடைத்து, நகத்தை அதன் நீளவாக்கில் மெல்ல ஓட்டுங்கள். நகம் எங்கும் தட்டாவிட்டால் நல்லது. மேலெழுந்த சிறு பிசிறு மட்டும் இருந்தால், மிக மெல்லிய ஈர உப்புத்தாளால் தடவி எடுக்கலாம். நகம் குழியில் விழுகிறது என்றால், எத்தனை சீல் மாற்றினாலும் சில மாதங்களில் மீண்டும் ஒழுகும்; அந்த நிலையில் சிலிண்டரையே மாற்றுவதுதான் மலிவு.

சீல் செட்டைச் சிலிண்டரில் பொறித்த மாடல் எண்ணைக் கொண்டு வாங்க வேண்டும். பரவலாகக் காணப்படும் சீஸ்டார் சிலிண்டர்கள் முன்பு டெலிஃப்ளெக்ஸ் பெயரிலும், இப்போது டொமெட்டிக் பெயரிலும் விற்கப்படுவதால், பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கடையில் குழப்பம் வரும். சீல் ஏற்கெனவே உள்ளே பொருத்தப்பட்ட முழு மூடியாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சீலைத் தனியாகத் திணிக்கும்போது அதன் உதடு, அதாவது தண்டைத் தொடும் மெல்லிய விளிம்பு, உள்நோக்கி, அதாவது ஆயில் அழுத்தும் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வேலை தொடங்கும்போது சாவியை எடுத்துவிட்டு, என்ஜினைக் கீழே இறக்கி, அது பக்கவாட்டில் ஆடாதபடி கட்டிவையுங்கள். வலப்பக்க மூடியைக் கழற்றுவதானால், கட்டுவதற்கு முன்பே சிலிண்டரை இடது எல்லைக்குச் சற்று முன்வரை கொண்டுபோக வேண்டும். அப்போது பிஸ்டன் வலப்பக்க மூடிக்கு அருகில் இருப்பதால், இரண்டுக்கும் இடையிலுள்ள அறையில் ஆயில் குறைவாகவே இருக்கும். கீழே ஒரு தட்டை வைத்து, தண்டின் முனையைத் தாங்கும் கையைக் கழற்றி, மூடியிலுள்ள துளைகளில் பொருந்தும் முள் ஸ்பேனரால் திருகி எடுக்கலாம். உப்பு இறுகிப்போயிருந்தால் துரு நீக்கும் ஆயிலைத் தெளித்து ஓர் இரவு விடுங்கள். உளியும் சுத்தியலும் வேண்டாம். அலுமினிய மரை ஒருமுறை சிதைந்தால் திரும்பாது.

புதிய மூடியை ஏற்றும் கணம்தான் இந்த வேலையில் மிக நுட்பமானது. தண்டின் முனையில் மரை இருக்கிறது. அதன் கூர் விளிம்பு சீலின் உதட்டைக் கீறிவிடும். முதல்முறை செய்தபோது நான் இதைப் பொருட்படுத்தவில்லை. அரை நாள் வேலை முடித்து வீலைத் திருப்பியதும், புத்தம்புது சீலிலிருந்து ஒரு துளி மெதுவாகத் திரண்டு தொங்கியது. மரையின் மேல் வழுவழுப்பான டேப்பை இரண்டு சுற்று சுற்றி, அதன் மேலும் சீலின் உட்புறத்திலும் அதே ஹைட்ராலிக் ஆயிலைத் தடவி, மூடியைச் சற்றே சுழற்றியபடி ஏற்றிய பிறகு டேப்பை உரித்துவிடுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கத்தையும் மாற்றிவிடுவது நல்லது; இரண்டு சீலும் ஒரே வயதுடையவை. தாங்கு கைகளிலுள்ள, தானாகத் தளராத வகை நட்டுகளுக்குப் பதிலாகப் புதியவற்றைப் போட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

ஆயில், மில்-எச்-5606 என்ற அமெரிக்க ராணுவத் தரத்துக்கு உட்பட்ட, ஐஎஸ்ஓ 15 என்ற பிசுபிசுப்பு அளவுள்ள வகையாக இருக்க வேண்டும். பிரேக் ஆயிலை ஒருபோதும் ஊற்றக்கூடாது. அது சீல்களைக் கெடுத்துவிடும்.

காற்று வெளியேற்ற இருவர் தேவை. ஒருவர் வீலில் நின்று, பம்பில் ஆயில் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வற்றினால் மீண்டும் முதலிலிருந்துதான். சிலிண்டரை இடது எல்லைக்குக் கொண்டுபோய், வலப்பக்க நிப்பிளில், அதாவது காற்றை வெளியேற்றும் சிறு திருகில், உள்ளே தெரியும் குழாயை மாட்டித் திறந்து, சிலிண்டர் நகராதபடி பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வீலை எதிர்ப்பக்கம் திருப்பினால், ஆயில் வலது அறைக்குள் வந்து காற்றைத் தள்ளிக்கொண்டு குழாய் வழியே வெளியேறும். குமிழி நின்றதும், வீலைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே நிப்பிளை மூட வேண்டும். பிறகு சிலிண்டரை வலது எல்லைக்குக் கொண்டுபோய், இடப்பக்க நிப்பிளில் இதையே செய்யுங்கள். வெளியேறிய ஆயிலில் குமிழியும் அழுக்கும் கலந்திருக்கும் என்பதால் அதைத் திரும்ப ஊற்ற வேண்டாம். கடலிலும் கொட்ட வேண்டாம்.

கடைசியாக, வீலை ஓர் எல்லைவரை திருப்பி அழுத்திப் பிடித்தபடி பம்பின் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. மட்டம் அசையாமல் நின்று, மீண்டும் சுற்றிவைத்த காகிதங்களும் மறுநாள் காலைவரை உலர்ந்தே இருந்தால், படகைக் கரையோரத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.