புளூ பில் போர்டுக்கு யுஎஸ்பி டிரைவர் எழுதும் முறை

யுஎஸ்பி டிரைவர் எழுதத் தொடங்குபவர்கள் டேட்டா அனுப்பும் பகுதியைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார்கள். வேலை சிக்குவதோ அதற்கு முன்பே. கேபிளைச் செருகியதும் கணினி போர்டிடம் "நீ யார், உன்னிடம் என்ன இருக்கிறது" என்று விசாரிக்கிறது. இதற்கு எண்யூமரேஷன் என்று பெயர். சாதனத்தில் டேட்டா போய்வரும் வாசலுக்கு எண்ட்பாயிண்ட் என்று பெயர். இந்த விசாரணை முழுக்க எண்ட்பாயிண்ட் 0 வழியாக நடக்கிறது. அதைச் சரியாக அமைத்துவிட்டால் மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது புளூ பில் என்ற சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் இருக்கும் எஸ்டிஎம்32எஃப்103 சிப். லைப்ரரி இல்லாமல், சிப்பைக் கட்டுப்படுத்தும் ரெஜிஸ்டர்களில் நேரடியாக எழுதும் முறை இது. டைனியுஎஸ்பி போன்ற லைப்ரரியைப் பயன்படுத்துபவர்களுக்கும் கோளாறு தேடும்போது இதே விவரங்கள்தான் தேவைப்படும்.

புரோகிராமுக்கு முன் போர்டு

யுஎஸ்பியின் இரண்டு டேட்டா கம்பிகளில் டி மைனஸ் சிப்பின் பிஏ11 பின்னிலும், டி பிளஸ் பிஏ12 பின்னிலும் இருக்கின்றன. ஃபுல் ஸ்பீடு (12 மெகாபிட்) சாதனம் என்று கணினிக்குத் தெரிய, டி பிளஸ் கம்பியை 3.3 வோல்ட்டுடன் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இணைக்க வேண்டும். பல புளூ பில் போர்டுகளில் அந்த இடத்தில் 10 கிலோ ஓம் போட்டிருக்கிறார்கள். ஒரு கணினியில் வேலை செய்து இன்னொன்றில் செய்யாத போர்டு என்றால் முதலில் இதை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். பிஏ12-க்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 1.8 கிலோ ஓம் ஒன்றைக் கூடுதலாகப் பற்றவைத்தால் மொத்தம் ஏறக்குறைய 1.5-க்கு வந்துவிடும்.

இந்த ரெசிஸ்டர் போர்டில் நிரந்தரமாக இருப்பதால், புது புரோகிராம் ஏற்றிய பிறகும் பழைய சாதனம் இன்னும் செருகியிருப்பதாகவே கணினி நினைக்கும். யுஎஸ்பியை இயக்கும் முன் பிஏ12-ஐ அவுட்புட்டாக்கி 20 மில்லிசெகண்ட் பூஜ்யத்தில் பிடித்துவிட்டு விடுங்கள். கேபிளைப் பிடுங்கிச் செருகியதற்கு அது சமம்.

கிளாக் சரியாக 48 மெகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 9 மடங்காக்கி 72, அதை 1.5-ஆல் வகுத்து 48. இந்த வகுத்தலை யுஎஸ்பி கிளாக்கை இயக்கும் முன்பே அமைத்துவிட வேண்டும். சிப்புக்குள் இருக்கும் ஆர்சி ஆசிலேட்டரை நம்பாதீர்கள். ஃபுல் ஸ்பீடுக்கு அனுமதிக்கப்பட்ட பிசகு 0.25 சதவீதம்தான்; அந்த ஆசிலேட்டர் அவ்வளவு துல்லியமானதல்ல.

பாக்கெட் மெமரி

யுஎஸ்பிக்கென்று 512 பைட் தனி மெமரி உண்டு. சிப்பில் உள்ள இன்னொரு தொடர்பு முறையான கேன் பஸ்ஸும் இதையே பகிர்ந்துகொள்வதால் இந்தச் சிப்பில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. முதல் 64 பைட்டை எட்டு எண்ட்பாயிண்டுகளின் பஃபர் அட்டவணைக்கு விடுங்கள். அடுத்து எண்ட்பாயிண்ட் 0-க்கு அனுப்ப 64, பெற 64, பல்க் இன்னுக்கு (கணினிக்குப் போகும் டேட்டா) 64, பல்க் அவுட்டுக்கு (கணினியிலிருந்து வரும் டேட்டா) 64. மொத்தம் 320.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. யுஎஸ்பி பகுதி இந்த மெமரியை 16 பிட் சொற்களாக அடுத்தடுத்துப் பார்க்கிறது. பிராசஸருக்கோ ஒவ்வொரு சொல்லும் நான்கு பைட் இடைவெளியில் தெரிகிறது. அட்டவணையில் 64 என்று எழுதிய பஃபர், பிராசஸர் பக்கம் 128-இல் இருக்கும். சாதாரண மெம்காப்பி இங்கே உதவாது. 16 பிட்டாக எழுதி, முகவரியை நான்கு நான்காக நகர்த்துங்கள். இரண்டு பைட் சரியாக வந்து அடுத்த இரண்டு காணாமல் போனால் காரணம் இதுதான்.

எண்ட்பாயிண்ட் ரெஜிஸ்டர்

அதிக நேரத்தை விழுங்குவது இந்த ரெஜிஸ்டர். ஒரே ரெஜிஸ்டரில் மூன்று வித பிட்டுகள் கலந்து கிடக்கின்றன. வகை, முகவரி போன்றவை எழுதியபடியே நிற்கும். ஸ்டேட்டஸ், டேட்டா டாகிள் (பாக்கெட்டுக்குப் பாக்கெட் 0, 1 என்று மாறும் குறி) பிட்டுகளில் 1 எழுதினால் இருப்பது தலைகீழாகும், 0 எழுதினால் மாறாது. வேலை முடிந்ததைச் சொல்லும் இரண்டு பிட்டுகள் 0 எழுதினால் அழியும், 1 எழுதினால் அப்படியே இருக்கும். ஆகவே வழக்கம்போல் படித்து, ஒரு பிட்டைச் சேர்த்து, திரும்ப எழுதினால் தொடாத பிட்டுகளும் புரண்டுவிடும். முதல் கேள்விக்குப் பதில் போய், இரண்டாவதற்குப் போர்டு ஊமையாகிவிடும். ஸ்டேட்டஸ் மாற்ற, இப்போதைய மதிப்பையும் வேண்டிய மதிப்பையும் எக்ஸார் செய்து அதை மட்டும் எழுதுங்கள். மற்ற டாகிள் பிட்டுகளுக்கு 0, முடிவு பிட்டுகளுக்கு 1. இதற்கென ஒரே ஒரு ஃபங்ஷன் வைத்து, எல்லா இடத்திலும் அதையே அழையுங்கள்.

விசாரணைக்குப் பதில்

ஒவ்வொரு பஸ் ரீசெட்டிலும் எண்ட்பாயிண்ட் அமைப்புகள் அழிந்துவிடும். முகவரியை 0 ஆக்கி, எண்ட்பாயிண்ட் 0-ஐ மீண்டும் அமைக்க வேண்டும். இதை மெயினில் ஒருமுறை மட்டும் செய்தால் போதாது, ரீசெட் இன்டரப்டில் செய்யுங்கள்.

கேள்வி 8 பைட் செட்டப் பாக்கெட்டாக வரும். சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லும் டிவைஸ் டிஸ்கிரிப்டர் 18 பைட்; கணினி 64 கேட்டாலும் 18 மட்டும் அனுப்புங்கள். 9 கேட்டால் 9-க்கு மேல் அனுப்பாதீர்கள். பல்க் இன், பல்க் அவுட் உள்ள சொந்த வகைச் சாதனத்துக்கு கான்ஃபிகரேஷன் 9, இன்டர்ஃபேஸ் 9, எண்ட்பாயிண்டுகள் 7, 7 என மொத்தம் 9 + 9 + 7 + 7 = 32 பைட்; மொத்த நீளம் என்ற இடத்தில் இந்த 32 இருக்க வேண்டும். மின்சாரத்தை 2 மில்லிஆம்பியர் அலகில் எழுதுவதால் 100 மில்லிஆம்பியருக்கு 50. ஹை ஸ்பீடு சாதனங்களுக்கான டிவைஸ் குவாலிஃபையரைக் கேட்டால் ஸ்டால் ("அது என்னிடம் இல்லை" என்ற மறுப்பு) கொடுங்கள், அதுதான் சரியான பதில்.

முகவரி அமைக்கும் கட்டளை வந்ததும் புது முகவரியை ரெஜிஸ்டரில் எழுதிவிடக் கூடாது. அதற்கு ஒப்புதலாகப் போகும் வெற்றுப் பாக்கெட் பழைய முகவரியிலிருந்து போய் முடிந்த பிறகே எழுத வேண்டும். முந்தினால் லினக்ஸ் கெர்னல் லாகில் பெரும்பாலும் -71 (புரோட்டோகால் பிழை) தெரியும். தாமதித்தாலும் கெடும், யுஎஸ்பி விதி தரும் அவகாசம் 2 மில்லிசெகண்ட்தான். 115200 வேகத்தில் யுஏஆர்டியில் 40 எழுத்து அச்சிட ஏறத்தாழ 3.5 மில்லிசெகண்ட் ஆகும். இன்டரப்டுக்குள் வைத்த அந்த ஒரு பிரின்ட் வரியே எண்யூமரேஷனைக் கொன்றுவிடலாம். லாகை ரேமில் சேர்த்துவைத்துப் பிறகு அச்சிடுங்கள். பிரேக்பாயிண்ட்டும் இங்கே வேண்டாம்.

டேட்டா

கணினிப் பக்கம் லினக்ஸில் லிப்யுஎஸ்பி என்ற லைப்ரரி போதும், கெர்னல் மாட்யூல் தேவையில்லை. சாதாரணப் பயனரும் சாதனத்தைத் திறக்க அனுமதிக்கும் ஒரு யுடெவ் விதி எழுதுங்கள். 63 பைட் வருகிறது, 64 அனுப்பினால் தொங்குகிறது என்றால் செய்தி முடிந்ததைக் காட்டும் வெற்றுப் பாக்கெட்டை மறந்திருக்கிறீர்கள். 64-இன் மடங்கில் முடியும் செய்தியை, பெரிய பஃபருடன் காத்திருக்கும் கணினி "இன்னும் வரும்" என்றே கருதும். கணினிப் பக்கப் பஃபரும் 64-இன் மடங்காக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓவர்ஃப்ளோ பிழை வரும்.

புரோகிராமை இரண்டாம் முறை ஓட்டும்போது மட்டும் முதல் பாக்கெட் காணாமல் போகிறதா? செட் கான்ஃபிகரேஷன் வரும்போதும், ஹால்ட் (எண்ட்பாயிண்டின் நிறுத்த நிலை) நீக்கும் கட்டளை வரும்போதும் டேட்டா டாகிளைப் பூஜ்யமாக்குகிறீர்களா என்று பாருங்கள். கணினியில் யுஎஸ்பி பரிமாற்றத்தைப் பார்க்க உதவும் யுஎஸ்பிமானும் வயர்ஷார்க்கும் இதைக் காட்டாது. அவற்றில் கெர்னல் அளவிலான பரிமாற்றம் மட்டுமே தெரியும். கம்பியில் ஓடும் டாகிளையும் நேக்கையும் ("இப்போது தயாரில்லை" என்ற பதில்) பார்க்க ஹார்டுவேர் அனலைசர் வேண்டும்.