மேல்நிலை வகுப்பில் சிறுகதை: எழுத வைப்பதும் திருத்தி எழுத வைப்பதும்

குறிப்புகளைக் கொடுத்துக் கதை எழுதச் சொன்னால் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். சொந்தமாக எழுதிய ஒன்றை மறுபடியும் எழுதச் சொல்லும்போதுதான் வகுப்பு நின்றுபோகும். பதினொன்றாம் வகுப்பில் நான் செய்துபார்த்துப் பலன் கண்ட வழி இது. ஒன்பது, பத்துக்கும் ஒத்துவரும்.

முதலில் எல்லை போடுங்கள். "எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது" என்றால் கடத்தல், விபத்து, பேய் என்று கிளம்பிவிடுவார்கள். ஒரே நாள், ஒரே இடம், அதிகம் போனால் மூன்று பேர், இரண்டு பக்கம். மூவரில் ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும். அது சுலபமாகக் கிடைக்கக் கூடாது. கல்யாண வீட்டுப் பந்தியில், கைமாற்று வாங்கியவர் பக்கத்திலேயே கொடுத்தவர் உட்கார நேர்கிறது. இவ்வளவு போதும்.

கதையை யார் சொல்வது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். 1915இல் வெளிவந்த வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' கதையை மரமே சொல்கிறது என்று சொல்லிவிட்டு, பந்திக் கதையை இலை போடும் பையன் சொன்னால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். அவனுக்குக் கடன் விஷயம் தெரியாது. கண்ணில் பட்டதை மட்டும்தான் சொல்ல முடியும். தேவையில்லாத விளக்கம் பாதி அதிலேயே குறைந்துவிடும்.

தனித்தாளில், ஒரு வரி விட்டு ஒரு வரி, தாளின் ஒரு புறத்தில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். நோட்டு வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. நோட்டில் எழுதியதை வெட்டப் பிள்ளைகளுக்கு மனம் வராது. தாள் என்றால் பத்தி பத்தியாக வெட்டி, இடம் மாற்றி ஒட்டிப் பார்க்கலாம். ஒரே பீரியடில் எழுதி முடித்ததும் வாங்கி, ஒரு வாரம் பீரோவில் வைத்துவிடுங்கள்.

இனிமேல்தான் திருத்தம். எனக்குப் பிடிபட நாளான இடம் இது. "திருத்து" என்றால் பிள்ளைகள் ல, ள, ழ பார்த்துவிட்டு, "முடிச்சிட்டேன் மிஸ்" என்று நீட்டுவார்கள். அதனால் எழுத்துப்பிழையைக் கடைசி நாள்வரை தொடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். நீங்களும் சிவப்பு மை பேனாவை எடுக்காதீர்கள்; சிவப்பு பட்ட இடத்தைத் தாண்டி எதையும் மாற்றமாட்டார்கள்.

கதையை எழுதியவர் படிக்க வேண்டாம், பக்கத்து மாணவர் சத்தமாகப் படிக்கட்டும். எழுதியவர் வாய் திறக்காமல், படிப்பவர் தடுமாறும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடட்டும். கேட்பவர்கள் "நல்லா இருக்கு" என்று சொல்லக்கூடாது. எந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தது, எந்த இடம் புரியவில்லை, இந்த இரண்டை மட்டும் சொல்லலாம்.

அப்புறம் உணர்ச்சிச் சொற்கள். "கவிதா வறுமையில் வாடினாள். மிகவும் வெட்கப்பட்டாள்" போன்ற வரிகள் நிறைய வரும். பக்கத்து பெஞ்சில் இருப்பவளுக்கு இது எப்படித் தெரியும் என்று கேளுங்கள். யோசித்தால் இப்படி வரும்: "கவிதா டிபன் பாக்ஸ் மூடியைத் தூக்கிப் பிடித்து, அதன் மறைவில் சாப்பிட்டாள். யாராவது எட்டிப் பார்த்தால், 'இன்னைக்கும் லெமன் சாதம்தான்' என்பாள். எலுமிச்சை வாசனை வந்ததே இல்லை." வறுமை, வெட்கம் இரண்டு சொல்லும் போய்விட்டன; விஷயம் போகவில்லை.

உரையாடலில் இன்னொரு சிக்கல். பள்ளியில் பழகிய பழக்கத்தில், "அம்மா, நான் சென்று வருகிறேன்" என்று பேச வைப்பார்கள். விவரிப்பு எழுத்துத்தமிழில் இருக்கட்டும், பேச்சு வீட்டில் பேசுவதுபோல் "போயிட்டு வரேன்மா" என்றே இருக்கட்டும். திருநெல்வேலிப் பிள்ளை "வாரேன்" என்று எழுதினால் விட்டுவிடுங்கள். ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் "வாரேன்", அடுத்த பக்கத்தில் "வருகிறேன்" என்று மாறாமல் பார்த்தால் போதும்.

முடிவு பெரும்பாலும் கனவு, மரணம், நீதி இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். கடைசிப் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். கதை அதற்கு முன்பே முடிந்திருந்தால் வெட்டிவிடலாம். கதிரவன் பொற்கரம் நீட்டும் முதல் பத்திக்கும் இதையே செய்யலாம். இதெல்லாம் முடிந்து சுத்தப்பிரதி எடுக்கும் நாளில்தான் ஒற்றும் சந்தியும்.

பின்சேர்க்கை: அறுபது பேர் இருக்கும் வகுப்பில் இது நடக்குமா என்று சில ஆசிரியர்கள் கேட்டிருந்தார்கள். நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். சத்தமாகப் படிப்பது அந்தக் குழுவுக்குள்ளேயே நடக்கட்டும், முடிந்தால் மரத்தடியில். எல்லாத் தாளையும் நீங்கள் படிக்க வேண்டியதில்லை. குழுவுக்கு ஒரு கதையின் முதல் வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் சேர்த்து வாங்கிப் படியுங்கள். மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால், இரண்டுக்கும் நடுவே என்ன மாறியிருக்கிறது என்பதற்குப் போடுங்கள். ஏற்கெனவே நன்றாக எழுதுகிற பிள்ளையும் அப்போதுதான் தன் கதையைத் திரும்ப எடுத்துப் பார்க்கும்.