யப்பானிய மொழி ஆசிரியராக ஆசைப்படுபவர்கள் விடும் பிழைகள்

யப்பானிய மொழி தமிழருக்கு லேசு என்று யாழ்ப்பாணத்தில் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. அங்கேயும் வினை கடைசியில்தான் வரும், உருபு மாதிரியான சிறு சொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'நேற்றுச் சந்தையில் வாங்கிய மீன்' என்பதை அதே வரிசையில் சொல்லி முடிக்கலாம். ஆனால் பெரும்பாலான பிழைகள் இந்த லேசை நம்பித்தான் தொடங்குகின்றன.

முதலாவது, தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பது. கொப்பியைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லுக்கு மேலேயும் பென்சிலால் தமிழ் உச்சரிப்பு இருக்கும். நம் 'த' ஆங்கில t, d போன்ற இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. யப்பானியத்தில் பல்கலைக்கழகம் என்ற சொல்லையும், படிப்பை இடையில் விட்டு விலகுதல் என்ற சொல்லையும் பிரிப்பதே அந்த முதல் ஒலிதான். தமிழில் எழுதினால் இரண்டும் 'தைகக்கு'. நேர்முகத்தில் கம்பஸைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப் போய், கம்பஸை விட்டு நின்ற கதையைச் சொல்லிவிடுவீர்கள். தங்கமும் வெள்ளியும் அப்படித்தான், நம் எழுத்தில் இரண்டும் 'கின்'. யப்பானியத்தில் முதலில் படிக்கும் எழுத்து வகையான ஹிரகானாவின் அடிப்படை எழுத்துகள் 46. தமிழின் 247 எழுத்தைப் படித்த பிள்ளைக்கு இரண்டு கிழமை போதும். ஆசிரியர் இந்தப் பழக்கத்தோடு வகுப்புக்குப் போனால் அந்தப் பிழை மாணவர் எல்லோருக்கும் தொற்றும்.

(குறில் நெடிலில் மட்டும் நமக்குக் கவலை இல்லை. யப்பானியத்தில் 'மாமி'க்கான சொல்லையும் 'பாட்டி'க்கான சொல்லையும் ஒரு நெடில் மட்டுமே பிரிக்கும் இடத்தில் நம் பிள்ளைகள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை.)

அடுத்தது, என்5 பாஸ் பண்ணியதும் ரியூசன் போர்ட் மாட்டுவது. ஜே.எல்.பி.ரி என்ற யப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சையில் என்5 தான் அடிமட்டம், என்1 உச்சம். என்5 சித்திக்கு 180க்கு 80 ஆவது எடுக்க வேண்டும். கதைக்கவும் எழுதவும் அந்தப் பரீட்சையில் ஒரு கேள்வியும் கிடையாது, விடையைத் தெரிவு செய்தால் போதும். அதை வைத்து இன்னொருவருக்குக் கதைக்கப் படிப்பிக்க முடியுமா? என் கணக்கில் என்2 வரையாவது போக வேண்டும். யப்பானில் அன்றாடப் பாவனைக்கு என்று வரையறுத்த, 'கன்ஜி' எனப்படும் சீன வழி எழுத்துகள் 2136. இதற்குக் குறுக்குவழி இல்லை.

யப்பானில் வேலை செய்ய 2019 ஏப்ரலில் தொடங்கிய குறித்த திறன் விசாவுக்கு மொழியில் பெரும்பாலும் என்4 தரம் போதும் என்பதால், பலர் அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். போவது பிழை இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்தவருக்கு வரும் பேச்சுமொழி வகுப்பறையில் கிடைக்காது. ஆனால் இந்த விசாவின் முதல் வகையில் பொதுவாக மொத்தம் 5 வருடம்தான் இருக்கலாம். அந்தக் காலத்தில் படிக்காமல் விட்டு, போன அதே என்4 உடன் திரும்பி வந்தால் ஆசிரியர் வேலைக்கு அது உதவாது.

சரி, படிப்பிக்கத் தொடங்கியவர்களுக்கு. பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் யப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமுவோடு சேர்ந்து தமிழ்–யப்பானிய உறவை ஆராய்ந்தது யாழ்ப்பாணத்துக்குப் பெருமைதான். அதற்காக 'இரண்டும் ஒரே குடும்பம்' என்று கரும்பலகையில் எழுதாதீர்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை.

இதைவிடப் பெரிய பிழை, ஆங்கிலப் புத்தகத்தின் விளக்கத்தை அப்படியே தமிழாக்கிப் படிப்பிப்பது. வினை ஏன் கடைசியில் வருகிறது என்று அது விலாவாரியாக விளக்கும். நம் பிள்ளைக்கு அது தேவையே இல்லை. அவர்களுக்கு இடறுவது வேறு இடம். தமிழில் எழுவாய்க்கு உருபு கிடையாது. யப்பானியத்திலோ எழுவாய்க்குப் பின்னால் 'வ' வருமா 'க' வருமா என்று பார்க்க வேண்டும். தமிழ்ப் பிள்ளை இரண்டையும் விழுங்கிவிட்டு வசனத்தை முடித்துவிடும். 'யார் வந்தது?' என்ற கேள்விக்கு 'க', 'தம்பி என்ன செய்கிறான்?' என்று கேட்டால் 'வ' என இப்படிக் கேள்வி பதிலாகவே ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடம் பழக்குங்கள்.