நெஞ்சுக்குள் அரிய கட்டி: அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணாரப்பேட்டையிலோ காசிமேட்டிலோ நாள்பட்ட இருமலுக்கு எக்ஸ்ரே எடுத்து, அதில் ஒரு நிழல் தெரிந்துவிட்டால், வீட்டில் முதலில் எழும் பேச்சு டி.பி.யைப் பற்றியதாகத்தான் இருக்கும். காசநோய் இன்னும் பரவலாக உள்ள நாட்டில் அந்தச் சந்தேகம் நியாயமானது. சளிப் பரிசோதனையைத் தவிர்க்கவும் கூடாது. ஆனால் சளியில் கிருமி இல்லை, காய்ச்சல் இல்லை, நிழலோ இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே வழுவழுப்பான விளிம்புடன் நிற்கிறது என்னும் நிலையிலும், "ஆறு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம்" என்று ஒத்திப்போடுவதுதான் இந்த நோயாளிகளுக்கு நேரும் முதல் தவறு. அங்கே வளரும் கட்டிகள் அரியவை என்பதாலேயே அவை யாருடைய நினைவுக்கும் உடனே வருவதில்லை.

இரு நுரையீரல்களுக்கும் இடைப்பட்ட அந்தப் பகுதியை மீடியாஸ்டைனம் என்பார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் என்னும் சுரப்பியின் கட்டிகளை ஆராயும் சர்வதேச மருத்துவர் குழு 2014-ல் சி.டி. ஸ்கேனை அடிப்படையாக வைத்து இதை மூன்றாகப் பிரித்தது: நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு முன்னால் உள்ள முன்பகுதி, இதயம், மூச்சுக்குழாய், உணவுக்குழாய் ஆகியவை அடங்கிய நடுப்பகுதி, முதுகெலும்பை ஒட்டிய பின்பகுதி. முன்பகுதியில் தைமோமா என்னும் தைமஸ் கட்டி, லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய், டெரட்டோமா போன்ற கருவணுக் கட்டிகள், கழுத்திலிருந்து கீழிறங்கிய தைராய்டு வீக்கம் ஆகியவை வரும். பின்பகுதியில் பெரும்பாலும் நரம்பிலிருந்து முளைக்கும் கட்டிகள் வரும். இடத்தைச் சரியாகச் சொன்னாலே சந்தேகப் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும். ஆகவே "நெஞ்சில் கட்டி, சி.டி. எடுக்கவும்" என்று ஒற்றை வரி எழுதிய சீட்டுடன் நோயாளியை அனுப்புவதே தவறு. எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று எழுதாத சீட்டு, எவ்வளவு நல்ல இயந்திரத்திலிருந்தும் அரைகுறைப் படத்தையே வாங்கித் தரும்.

செலவு மிச்சமாகும் என்றோ, ஊசிக்குப் பயந்தோ, இரத்த ஓட்டமுள்ள இடங்களைப் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாத வெறும் சி.டி.யுடன் அறுவை சிகிச்சைக்குப் போவதை நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். சி.டி. படத்தில் அடர்த்தி ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் அளக்கப்படுகிறது. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கொழுப்பு ஏறத்தாழ மைனஸ் 100. தெளிந்த திரவம் நிறைந்த நீர்க்கட்டி 0 முதல் 20 வரை காட்ட வேண்டும். ஆனால் தைமஸ் நீர்க்கட்டிக்குள் பழைய இரத்தமோ புரதம் மிகுந்த திரவமோ இருந்தால் அதுவும் 40 காட்டும். திடமான தைமோமாவும் 40 காட்டும். மருந்து செலுத்திய பின் அதே இடத்தை மறுபடி அளந்தால்தான் இரண்டும் பிரியும்: இரத்த ஓட்டமுள்ள கட்டி 70, 80 என்று ஏறும், நீர்க்கட்டி 40-லேயே நிற்கும். மருந்து செலுத்திய பிறகு மட்டும் ஒரே தடவை எடுத்த படத்திலும் இதே குழப்பம் உண்டு, ஏனெனில் அந்த 40 எங்கிருந்து தொடங்கியது என்பது தெரியாது.

அப்படியும் ஐயம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், திரவத்தையும் திசுவையும் பிரித்துக் காட்டுவதில் அது சி.டி.யைவிடத் தெளிவானது. தைமஸ் சுரப்பி வெறுமனே பருத்திருக்கிறதா, அதில் கட்டி வளர்ந்திருக்கிறதா என்பதற்கும் எம்.ஆர்.ஐ.யில் தனி முறை உண்டு. பருத்த சுரப்பியில் கொழுப்பு கலந்திருப்பதால், கொழுப்பின் சைகையும் நீரின் சைகையும் ஒன்றையொன்று கழிக்கும் படத்தில் அது கறுத்துப்போகும். கட்டி பெரும்பாலும் கறுக்காது. கீமோ முடித்த இளம் நோயாளிகளுக்குச் சில மாதங்களில் தைமஸ் மீண்டும் பருப்பது இயல்பு. அதைக் கட்டி என்று எண்ணி நெஞ்செலும்பைப் பிளந்துவிட்டு, வெட்டத் தேவையில்லாததை வெட்டினோம் என்று திசுவைச் சோதிக்கும் பயாப்சி முடிவில் அறிவது வேதனையான விஷயம்.

கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. உப்பிப்போன மகாதமனி வெறும் சி.டி.யில் கட்டியைப் போலவே தோன்றக்கூடும். அதில் பயாப்சி ஊசி நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை, ஆஸ்துமா, முன்பு கான்ட்ராஸ்ட் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மருந்தைச் செலுத்தலாம். பயத்துக்கு வழி, சொல்ல வேண்டியதைச் சொல்வதுதான். மருந்தையே மறுத்துவிடுவது வழியாகாது.

பின்பகுதிக் கட்டிகளுக்கு வேறொரு கண்ணி உண்டு. முதுகெலும்பை ஒட்டி உருண்டையாக, சாதுவாகத் தெரியும் ஷ்வானோமா என்னும் நரம்புக் கட்டி சில நேரம் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள நரம்புத் துளை வழியாகத் தண்டுவடக் குழாய்க்குள்ளும் ஒரு கிளையை நீட்டியிருக்கும். வெளியே ஓர் உருண்டை, உள்ளே ஓர் உருண்டை, நடுவில் குறுகிய கழுத்து என்ற இந்த வடிவத்தை டம்பெல் கட்டி என்பார்கள். சி.டி.யில் அந்தத் துளை பக்கத்துத் துளையைவிட அகன்றிருப்பது ஒன்றே தடயமாக இருக்கலாம். உள்ளே நீண்டிருப்பதை எம்.ஆர்.ஐ.தான் முழுமையாகக் காட்டும். அது தெரியாமல் நெஞ்சுப் பக்கத்திலிருந்து இழுத்து எடுக்கும்போது தண்டுவடக் குழாய்க்குள் இரத்தம் கசிந்தால் கால்கள் செயலிழக்க நேரிடும். முன்பே தெரிந்தால் நரம்பியல் அறுவை மருத்துவரும் அதே மேசையில் நிற்பார். முதுகெலும்பை ஒட்டிய எந்தக் கட்டிக்கும் எம்.ஆர்.ஐ. இல்லாமல் அறுவை சிகிச்சைத் தேதி குறிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கட்டி என்றதும் ஊசி போட்டுச் சதை எடுத்துவிட வேண்டும் என்ற அவசரமும் நல்லதல்ல. முன்பகுதியில், சுற்றுறை சிதையாமல், முழுதாக எடுத்துவிடக்கூடிய அளவில் தைமோமாவைப் போலவே தெரியும் கட்டிக்கு, பல நேரங்களில் பயாப்சி இன்றி நேராக அறுவை சிகிச்சையே செய்யப்படுகிறது. லிம்போமா என்ற ஐயம் இருந்தால் நிலைமை நேர் எதிர்: அதற்குச் சிகிச்சை கீமோ, அறுவை அல்ல, ஆகவே பயாப்சி இல்லாமல் கத்தி வைக்கவே கூடாது. இளம் ஆண்களுக்கு முன்பகுதியில் பெரிய கட்டி இருந்தால் கருவணுக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. ஆகிய இரத்தப் பரிசோதனைகளை முதலில் செய்ய வேண்டும்.

கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர்ந்தால் புற்றுநோய், ஒளிராவிட்டால் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். காசநோய் நெறிக்கட்டியும் ஒளிரும், பருத்த தைமஸும் ஒளிரும். மெதுவாக வளரும் சில புற்றுக்கட்டிகள் மங்கலாகவே இருக்கும். அந்த ஒளியை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

அளவைப் பார்த்துக் கைவிடுவது இன்னொரு தவறு. நுரையீரல் உறையில் தோன்றும் தனித்த நார்க்கட்டி ஒரு பக்க நெஞ்சின் பாதியை அடைத்திருந்தாலும், சில நேரம் ஒரு சிறு காம்பில் மட்டுமே தொங்கிக்கொண்டிருக்கும். காம்போடு எடுத்தால் பலருக்குக் குணமாகிவிடும். இக்கட்டியுள்ள சிலருக்குக் காரணமின்றிச் சர்க்கரை அளவு குறைந்து மயக்கம் வரும் என்பது 1930-லேயே மருத்துவ ஏடுகளில் பதிவானது. மறுபுறம், கட்டிக்கும் பக்கத்து இரத்தக்குழாய்க்கும் இடையிலுள்ள கொழுப்புக் கோடு தெரியவில்லை என்பதாலேயே "ஊடுருவிவிட்டது" என்று தீர்மானிக்கவும் முடியாது. வெறுமனே ஒட்டி நின்றாலும் அந்தக் கோடு மறைந்துபோகும். ஆனால் எக்ஸ்ரேயில் ஒரு பக்க உதரவிதானம் புதிதாக மேலேறியிருந்தால், அதை இயக்கும் நரம்பைக் கட்டி பிடித்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

படத்தில் வராத இரண்டு செய்திகளை நோயாளியே சொல்ல வேண்டும். சாயங்காலமானால் இமை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது, மென்று தின்ன முடியவில்லை என்றால் அது மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைச் சோர்வு நோயாக இருக்கலாம். தைமோமா உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது இது காணப்படுகிறது. மயக்க மருத்துவர் இதை முன்பே அறியாவிட்டால், அறுவை முடிந்த பின் மூச்சு தானாகத் திரும்புவதே சிக்கலாகிவிடும். இரண்டாவது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது. "கொஞ்ச நேரம்தாம்மா, பொறுத்துக்கோங்க" என்று ஸ்கேன் மேசையில் தட்டையாகப் படுக்க வைத்துவிடக் கூடாது. மூச்சுக்குழாயைப் பெரிய கட்டி அழுத்திக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. தலைப்பக்கத்தை உயர்த்தியோ ஒருக்களித்தோ படம் எடுத்து, அந்தச் செய்தியை அறிக்கையிலும் எழுத வேண்டும்.

தனியார் ஸ்கேன் சென்டரில் எடுத்த பிலிமைச் சுருட்டி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டான்லி மருத்துவமனைக்கோ ஓட்டேரி நெஞ்சக மருத்துவமனைக்கோ வருபவர்கள், அதனுடன் தந்த, கணினியில் போட்டுப் பார்க்கும் குறுந்தட்டை வீட்டில் விட்டுவிட்டு வருவதுண்டு. பிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்களே இருக்கும். கடற்கரை ஈரத்தில் அவையும் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது உரிந்துபோகும். 1 அல்லது 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய வெட்டுகள் அனைத்தும் தட்டில்தான் இருக்கும், அறுவை மருத்துவருக்கு வேண்டியது அதுதான். தட்டு தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

பழைய எக்ஸ்ரேயையும் தூக்கிப் போடாதீர்கள். துறைமுக வேலைக்கோ, மணலி ஆலை வேலைக்கோ, வளைகுடாப் பயணத்துக்கோ சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த மருத்துவப் பரிசோதனைப் படம் பரணில் கிடக்கலாம். அதிலும் அதே நிழல் அதே அளவில் இருந்தால் கட்டி மெதுவானது என்று அறியலாம், அவசரமாக அறுக்க வேண்டியதில்லை; அதில் எதுவுமே இல்லாமல் இன்று பெரிதாக இருந்தால், காத்திருக்க நேரமில்லை.