கடைக்கண்ணும் படிக்கிறது: வீட்டிலேயே செய்து பார்க்கச் சில சோதனைகள்

டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் மேட்டூர் நீர்மட்டம் எவ்வளவு என்று பேப்பரில் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அவருடைய கண்மணி நன்றாகத் தெரிந்தது. அது வரியில் வழுக்கிக்கொண்டு போகவில்லை. களத்தில் காயும் நெல்லைச் சிட்டுக்குருவி கொத்துமே, ஒரு தத்து, ஒரு நிறுத்தம், மறுபடி தத்து, அப்படித்தான் போனது. குருவி நிற்கும்போதுதான் கொத்தும். கண்ணும் நிற்கும்போதுதான் படிக்கிறது.

இதை நீங்களே பார்க்கலாம். பேப்பர், செல்போன், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று, கத்தரிக்கோல் போதும்.

முதல் படி: தத்தலைப் பிடிப்பது

கையைக் கழுவிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடி, அந்த இமைமேல் விரல்நுனியைப் பட்டும் படாமலும் வையுங்கள், அழுத்த வேண்டாம். மற்றக் கண்ணால் பேப்பரில் நாலு வரி படியுங்கள். இமைக்குள் விழி துள்ளுவது விரலுக்குத் தெரியும், இரண்டு கண்ணும் சேர்ந்துதானே நகர்கின்றன.

அப்புறம் செல்போனின் முன்பக்கக் கேமராவை ஓடவிட்டு, அதற்குக் கீழே பேப்பரைப் பிடித்துப் படியுங்கள். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் வரி முடிகிற இடத்தில் ஒரு பெரிய தாவல் இருக்கும். அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் தாவிய கண் பல சமயம் கொஞ்சம் முன்னாலேயே விழுந்து, சின்னதாக இன்னொரு தத்து தத்திச் சரிசெய்துகொள்ளும்.

ஆங்கிலம் படிப்பவர்களை வைத்து அளந்ததில், ஒரு நிறுத்தம் ஏறக்குறைய கால் நொடி. ஒரு தத்தலுக்கு நொடியில் நூறில் இரண்டு மூன்று பங்குதான் ஆகிறது. பத்துத் தத்தலில் ஒன்றாவது பின்னோக்கிப் போகிறது. தத்தும் நேரத்தில் கண் கிட்டத்தட்டக் குருடு. நம்பிக்கை வரவில்லையா? கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்கு மட்டும் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் கண் மருத்துவர் எமில் ழவால் காலத்திலேயே இந்தத் தத்தலைக் கவனித்து எழுதிவிட்டார்கள்.

இரண்டாம் படி: கட்டைவிரல் அளவு

கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அந்த அகலம் சுமார் 2 பாகை (டிகிரி). விழித்திரையின் நடுவிலுள்ள மையக்குழி கூர்மையாகப் பார்ப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றதெல்லாம் கடைக்கண் பாடு.

கடைக்கண் எதில் தடுமாறுகிறது என்று பார்க்க, வீட்டில் யாரையாவது இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு புள்ளி. அதற்கு வலப்பக்கம் நான்கு விரல் அகலம் தள்ளி, சுண்டுவிரல் நகம் அளவில் ஒரே ஓர் எழுத்து. கண்ணைப் புள்ளியிலேயே வைத்துக்கொண்டு சொல்லுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடலாம். இப்போது இன்னொரு தாளில் அதே இடத்தில், அதே அளவில், வேறோர் எழுத்தை எழுதி இரண்டு பக்கமும் நெருக்கமாக எழுத்துகள் போடச் சொல்லுங்கள். நடு எழுத்து எது? ஏதோ மசமசவென்று இருக்கிறது என்றுதான் சொல்வீர்கள். எழுத்து சின்னதாகிவிடவில்லை. கூட்டத்தில் காணாமல் போய்விட்டது.

ஒரு பார்வையில் ஒரு பக்கத்தையே படிக்கக் கற்றுத் தருகிறோம் என்று சொன்ன வகுப்பு ஒன்றில் நானும் பணம் கட்டியிருக்கிறேன். இந்தத் தாளை முதலிலேயே வரைந்து பார்த்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

மூன்றாம் படி: ஜன்னல் அட்டை

அப்படியானால் கடைக்கண் எதற்கு? பத்திரிகை அட்டையில் ஒரு வரி உயரத்துக்கு, மூன்றெழுத்து மட்டும் தெரிகிற மாதிரி ஓட்டை வெட்டுங்கள். அதை வரிமேல் நகர்த்திக்கொண்டே படியுங்கள். எரிச்சல்தான் வரும், வாய் எழுத்துக் கூட்டும். பிறகு ஓட்டையை வலப்பக்கம் கொஞ்சங் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் அட்டை இருப்பதே மறந்துபோகும். அதுதான் உங்கள் படிப்புக்கு வேண்டிய அகலம்.

1975-இல் மெக்காங்கி, ரேனர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே கணினித் திரையில் செய்தார்கள். கண் எங்கே போகிறதோ அங்கே ஜன்னலும் கூடவே போகும், வெளியே உள்ள எழுத்தெல்லாம் மாறிவிடும். ஆங்கிலத்தில் இடப்பக்கம் மூன்று நாலு எழுத்து, வலப்பக்கம் பதினாலு பதினைந்து எழுத்து வரை படிப்புக்கு உதவுகிறது என்று தெரிந்தது. வலமிருந்து இடமாகப் போகும் ஹீப்ரு மொழியில் இந்த அகலம் இடப்பக்கம் சாய்கிறது. ஆக, கண்ணின் அமைப்பு மட்டும் காரணமில்லை, கவனம் போகிற திசையும் சேர்ந்திருக்கிறது. தமிழுக்கு இந்த எண்ணை அப்படியே எடுத்துவைக்க முடியாது. நம் ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலமா என்ன?

அந்த வலப்பக்கத்தில் கடைக்கண் இரண்டு வேலை பார்க்கிறது. இடைவெளியைப் பார்த்து, அடுத்து எங்கே தத்தலாம் என்று குறிக்கிறது. அடுத்த சொல்லின் முதல் எழுத்துகளை முன்கூட்டியே கொஞ்சம் வாங்கிவைக்கிறது, அதனால் அங்கே போய் நிற்கும் நேரம் குறைகிறது.

நான்காம் படி: ‘திரு’ சோதனை

இது என் சொந்தச் சரக்கு, ஆய்வு இல்லை. இந்த இரண்டு வரிகளையும் வேகமாகப் படியுங்கள்.

மன்னார்குடி, பாபநாசம், நன்னிலம், வலங்கைமான், அய்யம்பேட்டை.

திருவாரூர், திருவையாறு, திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர், திருக்கருகாவூர்.

இரண்டாவதில் எனக்குக் கண் திணறுகிறது. நீளமும் ஒரு காரணம்தான். ஆனால் கடைக்கண் முன்கூட்டி வாங்கித் தருவது ஒவ்வொரு தடவையும் அதே ‘திரு’ என்றால் அதை வைத்து என்ன செய்வது? ஒரு தடவை தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் திருவையாறு என்று நினைத்து ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே அம்மாபேட்டை வந்தபோதுதான் சந்தேகம் வந்தது. “சார், இது திருவாரூர் வண்டி” என்றார் கண்டக்டர். பலகையைப் பார்த்தேன்தான், பாதியோடு விட்டுவிட்டேன்.

ஐந்தாம் படி: இடைவெளியை எடுத்துவிடுவது

கொள்ளிடத்தில்தண்ணீர்வந்துவிட்டதாஎன்றுகரைவரைபோய்ப்பார்த்துவிட்டுவரச்சொன்னார்தாத்தா.

படிக்க முடிகிறது, ஆனால் கண் எங்கே இறங்குவது என்று தேடுகிறது. பழக்கம் இருந்தால் சமாளிக்கலாம். தாய்லாந்து மொழியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதே இல்லை, அவர்கள் தாராளமாகப் படிக்கிறார்கள். நம் ஓலைச்சுவடிகளும் இப்படித்தான். போதாததற்கு மெய்யெழுத்தில் புள்ளி இருக்காது, துணைக்காலுக்கும் (ா) ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டு உ.வே.சாமிநாதையர் இப்படிப்பட்ட ஏடுகளைப் பார்த்துத்தான் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தார்.

தஞ்சை சரசுவதி மகால் பக்கம் போனால், அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் ஓலை ஒன்றின் முன் இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஒரு சொல்லாவது பிடிபடுகிறதா பாருங்கள். கூட வந்தவரை உங்கள் கண்ணை வீடியோ எடுக்கச் சொல்லாதீர்கள், அங்கே காவலர் திட்டுவார்.