ஃபிரோசாக் கல்லை இனங்காணவும் விலை மதிக்கவும் பேணவும்

டர்க்காய்ஸ் என்றும் ஃபிரோசா என்றும் கடைகளில் வழங்கும் இந்த நீலநிறக் கல்லை வாங்க நினைப்பவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி, இது நுண்துளைகள் உள்ள கல் என்பதுதான். வைரத்தையும் நீலமணியையும் (சபையர்) போல ஒளியை ஊடுருவ விடும் தனிப்படிகமாக இது விளைவது மிக அரிது. தாமிரமும் அலுமினியமும் பாஸ்பேட்டோடும் நீரோடும் சேர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத சிறு படிகங்களாகப் பாறையின் வெடிப்புகளில் நெருங்கிப் படிந்து உண்டாவது இது. படிகங்களுக்கு இடையே இடைவெளி இருப்பதால் இந்தக் கல்லில் சாயம் ஏறும், மெழுகு ஏறும், பிசின் ஏறும். அணிபவரின் வியர்வையும் எண்ணெயும்கூட ஏறும். போலியைக் கண்டுபிடிப்பது, விலையை முடிவு செய்வது, வாங்கிய பின் காப்பாற்றுவது ஆகிய மூன்றுக்கும் இந்த ஒரு குணமே அடிப்படையாக இருக்கிறது.

ஆங்கிலப் பெயருக்கு மூலமான பிரெஞ்சுச் சொல்லுக்குத் துருக்கியக் கல் என்று பொருள். ஆனால் துருக்கி இது விளைந்த இடம் அன்று, ஐரோப்பாவுக்கு இது சென்ற வழி. பழம்புகழ் பெற்ற சுரங்கம் ஈரானின் கொராசான் பகுதியில், நிஷாப்பூர் நகருக்கு வடமேற்கே உள்ளது. அங்குள்ள ஊருக்கே மஅதன், அதாவது சுரங்கம், என்றுதான் பெயர். பாரசீகர் இக்கல்லை வெற்றியைக் குறிக்கும் சொல்லோடு சேர்த்து ஃபிரூஸே என்றனர். நம் வணிகர்கள் சொல்லும் ஃபிரோசா அதிலிருந்து வந்தது. எகிப்தியர் இதைவிட முன்பே சினாய் தீபகற்பத்தின் செராபித் அல்-காதிம் மலையில் இக்கல்லை வெட்டியெடுத்து, ஹாதோர் தெய்வத்தை இந்தக் கல்லின் தலைவியாக வணங்கினார்கள். இன்று சந்தைக்கு வரும் கல்லில் பெரும்பங்கு சீனாவின் ஹூபெய் மாகாணத்திலிருந்தும் அமெரிக்காவின் அரிசோனா, நெவாடா மாநிலங்களிலிருந்தும் வருகிறது.

இனங்காணும் வேலையைக் கோத்த மணிகளிலிருந்து தொடங்குவது எளிது. மலிவாகக் கிடைக்கும் ஃபிரோசா மாலை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, நூல் நுழையும் துளையின் உள்விளிம்பைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே பாருங்கள். மேலே நல்ல நீலமாக இருக்கும் மணியின் துளைக்குள் சுண்ணாம்பு போன்ற வெண்மை தெரிந்தால், அது பெரும்பாலும் சாயமேற்றிய ஹவ்லைட் அல்லது மேக்னசைட். இரண்டும் இயல்பில் வெள்ளைக் கற்கள். இரண்டிலும் கருஞ்சாம்பல் கோடுகள் ஓடுவதால் சாயம் ஏற்றியதும் ஃபிரோசாவைப் போலவே தோன்றும். லென்ஸில் பார்க்கும்போது கோடுகளின் ஓரத்திலும் சிறு வெடிப்புகளிலும் நீலம் தேங்கி அடர்ந்திருப்பதும் சாயத்தின் அடையாளம்தான். வெள்ளை டர்க்காய்ஸ், ஊதா டர்க்காய்ஸ் என்ற பெயர்களில் விற்கப்படுபவற்றை ஃபிரோசாக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது நல்லது.

இயற்கைக் கல்லின் நிறத்தை நினைவில் பதித்துக்கொள்ள நம் தோட்டத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. தவிட்டுக்குருவியின் முட்டையைப் பார்த்தவர்களுக்கு உயர்ந்த ஃபிரோசாவின் அடர்நீலம் தெரியும். மைனாவின் முட்டையைப் பார்த்தவர்களுக்கு அதன் வெளிர்நீலம் தெரியும். நீலத்தைத் தருவது தாமிரம். அலுமினியத்தின் இடத்தில் இரும்பு புகப் புக நிறம் பச்சையை நோக்கிச் சாயும். ஆகவே பச்சை கலந்த கல் எல்லாம் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாறாக, மாலையிலுள்ள அறுபது மணிகளும் ஒரு மாத்திரை கூடக் குறையாமல் ஒரே நீலமாக இருந்தால் அங்கேதான் ஐயப்பட வேண்டும்.

கல்லில் ஓடும் கோடுகள் தாய்ப்பாறையின் எச்சங்கள். நிஷாப்பூர்க் கல்லில் அவை இரும்பு சார்ந்த பழுப்பு நிறமாகவும், வேறு சில சுரங்கங்களின் கல்லில் கருமையாகவும் இருக்கும். நகத்தை மெல்ல ஓட்டினால், இயற்கையான கோடு சில இடங்களில் கல்லின் மேற்பரப்பைவிடச் சற்றே பள்ளமாக இருப்பது தட்டுப்படும், ஏனெனில் பாறையும் கல்லும் மெருகின்போது ஒரே அளவில் தேய்வதில்லை. தூளைப் பிசினோடு குழைத்து அச்சில் அழுத்திய கட்டிக் கல்லில் அப்படி இராது. கோடுகள் வரைந்தாற்போல வழவழவென்று இருக்கும், ஒரே கோலம் மீண்டும் மீண்டும் வரும். கண்ணாடிப் போலியில் லென்ஸ் காற்றுக்குமிழிகளைக் காட்டிக் கொடுக்கும். 1972 முதல் பிரெஞ்சு கில்சன் நிறுவனத்தின் பெயரில் வந்த செயற்கைக் கல்லை ஐம்பது மடங்கு பெரிதாக்கினால், வெளிர்ந்த தளத்தில் நீல ரவையைத் தூவிப் பரப்பியது போன்ற சீரான துகள்கள் தெரியும்.

வீட்டில் செய்யத்தக்க சோதனைகளில் நான் மிகவும் நம்புவது ஒப்படர்த்திச் சோதனை, அதாவது அதே பருமனுள்ள நீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்று பார்ப்பது. நகையில் பதிக்காத தனிக்கல்லுக்கு மட்டுமே இது பொருந்தும். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்று போதும். முதலில் கல்லை உலர்ந்த நிலையில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தராசின்மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துக் காட்டியைச் சுழியமாக்கி, கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுதும் மூழ்கும்படி பிடித்தால், கல் ஒதுக்கிய நீரின் எடையைத் தராசு காட்டும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்க வேண்டும். கல் 5.52 கிராம் இருந்து, நீரில் 2.00 என்று காட்டினால் ஒப்படர்த்தி 2.76; இது நல்ல ஃபிரோசாவுக்குரிய எண். 2.6 முதல் 2.9 வரை ஏற்றுக்கொள்ளலாம். மேக்னசைட் 3.0 அளவில் நிற்கும், ஹவ்லைட் 2.58 அளவில் நிற்கும், பிசின் மிகுந்த கட்டிக் கல் நன்றாகக் கீழே இறங்கிவிடும். தண்ணீரில் இட்டவுடன் கல்லிலிருந்து நுண்குமிழிகள் வரிசையாக எழுந்தால் உடனே எடுத்துத் துடைத்துவிட வேண்டும். துளை மிகுந்த மென்கல் நீரை உறிஞ்சத் தொடங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

சூடான ஊசியால் தொட்டுப் பார்ப்பது, அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்ப்பது ஆகிய சோதனைகளைப் பலர் துணிந்து பரிந்துரைக்கிறார்கள். ஊசி பிளாஸ்டிக் நாற்றத்தையும் மெழுகுக் கசிவையும் காட்டும், அசிட்டோன் சாயத்தைப் பஞ்சில் இறக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆயினும் இரண்டும் கல்லில் தழும்பை விட்டுச் செல்லக்கூடியவை. பிறர் பொருளில் ஒருபோதும் செய்யக் கூடாது, தம் பொருளிலும் அடிப்பக்கத்து மூலையில் மட்டுமே செய்ய வேண்டும். பணம் பெரிதாக இருந்தால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்திற்கு அனுப்புவதே முறை. அகச்சிவப்பு நிறமாலை, உள்ளே ஏறிய பிசினை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும்.

மதிப்பிடும்போது நான் முதலில் கேட்பது, கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்பதைத்தான். எதுவும் ஏற்றாமல் வெட்டி மெருகிட்ட இயற்கைக் கல் எப்போதும் மேல்தட்டில் நிற்கும். மெழுகு தேய்த்தது அதற்கு அடுத்தது. அது நெடுநாளைய வழக்கம், பெரிய குற்றமில்லை. உதிரும் தன்மையுள்ள வெளிறிய கல்லைப் பிசின் ஊட்டிக் கெட்டிப்படுத்துவதை வணிகர்கள் ஸ்டெபிலைஸ்ட் என்பார்கள். நாள்தோறும் அணிய அது உகந்ததுதான், ஆனால் இயற்கைக் கல்லின் விலையைக் கேட்கக் கூடாது. சாயமேற்றியதும் கட்டிக் கல்லும் அழகுப் பொருள்கள் மட்டுமே. இவற்றுக்கு இடையில் 1980-களின் பிற்பகுதி முதல் ஸாக்கரி முறை என்ற ஒன்றும் உள்ளது. அதில் பிசினோ சாயமோ சேராமலே கல்லின் துளைகள் குறைந்து நிறமும் மெருகும் உயரும். பொட்டாசியத்தின் அளவைப் பார்க்கும் ஆய்வகமே அதை உறுதி செய்ய முடியும். பிசின் எடையைக் கூட்டும் என்பதால், கேரட் கணக்கில் பேசும் வணிகரிடமும் கல்லின் நீள அகலத்தை மில்லிமீட்டரில் கேட்டு ஒப்பிடுவது நல்லது.

அதன்பின் நிறமும் கெட்டித்தன்மையும் வருகின்றன. கெட்டியான கல், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் 6 வரை போகும், அதில் மெருகு பீங்கான்போல் நிற்கும். மென்கல்லில் மெருகு மங்கி மாவு படிந்தாற்போல் இருக்கும். கோடுகளைப் பற்றிய மதிப்பு நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஈரானில் கோடே இல்லாத, சீரான அடர்நீலக் கல்லை அஜமி என்று சொல்லி முதலிடம் தருவார்கள். மரக்கிளைபோல் கோடு பரந்ததை ஷஜரி என்பார்கள். அமெரிக்கத் தென்மேற்கிலோ, நெவாடாவின் லேண்டர் புளூ போன்ற, சிலந்திவலையாய் மெல்லிய கருங்கோடு படர்ந்த கல்லுக்குத்தான் பெருவிலை. சுரங்கத்தின் பெயரைக் கேட்டவுடன் விலையை ஒப்புக்கொள்ளக் கூடாது. அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கம் 2012-இலேயே ஃபிரோசா எடுப்பதை நிறுத்திவிட்டது. அந்தப் பெயர் இன்று பல நேரங்களில் ஒரு நிறத்தைக் குறிக்கவே வழங்குகிறது. பெர்சியன் என்ற சொல்லுக்கும் அதே கதிதான்.

பேணுவதில் நம் வீட்டு வழக்கங்கள் சில இந்தக் கல்லுக்குப் பகையானவை. தேங்காய் எண்ணெயும் சந்தனமும் மஞ்சளும் வாசனைத் திரவியமும் துளைகளில் இறங்கி நீலத்தை மெல்லப் பச்சையாக்கும். ஆகவே தலைவாரி அலங்காரம் முடித்த பிறகு கடைசியாக அணிந்து, வீடு திரும்பியதும் முதலில் கழற்ற வேண்டும். வெள்ளியைப் புளியால் தேய்ப்பதும் வெள்ளி துலக்கும் திரவத்தில் முக்குவதும் அமிலத்தால் கல்லைக் கெடுக்கும், திருநீறு போட்டுத் துலக்குவது மெருகை அரிக்கும். பூந்திக்கொட்டை நீரில் ஊறவைப்பதும், நகைக்கடையில் நீராவியும் ஒலியலை இயந்திரமும் கொண்டு சுத்தம் செய்வதும் வேண்டாம். மென்மையான பருத்தித் துணியால் உலர்த் துடைப்பு போதும். அழுக்கு மிகுந்தால் வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி மென்சோப்புக் கரைத்துத் துணியை நனைத்துத் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். வெயில்படும் சன்னலோரத்தில் வைத்தால் கல் உள்நீரை இழந்து வெளிறும். வைரத்தோடும் கெம்போடும் ஒரே டப்பாவில் போட்டால் கீறல் விழும். தனிப் பருத்திப் பையில் வைப்பது நல்லது.

இன்னொன்றை வருத்தத்தோடு எழுதுகிறேன். என் தாயார் அணிந்திருந்த நிஷாப்பூர்க் கல் மோதிரம் எனக்குச் சிறிதாக இருந்ததால், சுற்றளவைப் பெரிதாக்கக் கொடுத்தேன். கல்லைக் கழற்றாமலே தீயைக் காட்டிப் பற்றவைத்து, கறை போக அமிலநீரிலும் இட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி வாடிய இலையின் பழுப்புப் பச்சையாகவும் இருந்தது. மேலே விரல் ஓட்டினால் மெருகுக்குப் பதில் சொரசொரப்புத் தட்டியது. அந்த நிறத்தை எதுவும் மீட்டுத் தரவில்லை. ஃபிரோசா பதித்த நகையை எந்தப் பட்டறையில் கொடுத்தாலும், கல்லைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள் என்று சொல்லி, ரசீதிலும் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பின், முன் எடுத்து வைத்த புகைப்படத்தோடு கல்லின் கோடுகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கூலியைக் கொடுங்கள்.